பிளைவுட் சுவர்

செப்டம்பர் 5

அறை கிடைத்துவிட்டது. ஹாங்காங்கில் ஷாம் சுய் போ என்ற பகுதி. பழைய கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடி. ஒரு வீட்டை ஆறு அறைகளாக வெட்டித் தனித்தனியாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சமையலறையும் குளியலறையும் பொது. எனக்கு நடு அறை, சன்னல் கிடையாது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நகரலாம். இரண்டு பக்கமும் பிளைவுட் தடுப்பு. கனம் எவ்வளவு இருக்கும் என்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

அறை பிடித்துக் கொடுத்தவர் ஜெய்லானி. காயல்பட்டினத்துக்காரர். ரத்தினக்கல் வியாபாரத்துக்கு இங்கே வந்தவர், இப்போது இந்தக் கட்டடத்தில் சில வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடுகிறார். ‘சார்’ என்று கூப்பிட்டேன். காக்கா என்று கூப்பிடச் சொன்னார், அவர்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தமாம். பல்கலைக்கழக விடுதியில் இடம் இருக்கும்போது இங்கே எதற்கு என்று கேட்டார். நான்காம் ஆண்டு கட்டடக்கலை, ஒரு பருவம் படிக்க வந்திருக்கிறேன், நெரிசலான அடுக்குமாடிகள்தான் என் ஆய்வு என்றேன்.

"தோப்பு வீட்டுல வளந்த பொண்ணுங்கிறே. இந்தக் கோழிக்கூண்டப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

கோவில்பட்டியில் அப்பாவும் இதையேதான் கேட்டார். நகர வளர்ச்சி, இடப் பற்றாக்குறை என்று ஏதோ சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

அம்மாவிடம் பேசினேன். வீடியோ வேண்டாம், சிக்னல் சரியில்லை என்றாள். குரல் தெளிவாகத்தான் கேட்டது.

செப்டம்பர் 9

மாலை, எல்லா அறையிலும் சோறு வேகும் நேரம். இடப்பக்கத்து அறையில் ஹோவும் அவன் மனைவி சியூ லிங்கும் இருக்கிறார்கள். அவன் லாரியில் சரக்கு ஏற்றுபவன், அவள் நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். முதலில் அவன் குரல். பிறகு அறைவது. பிறகு அவள் தலை என் சுவரில் வந்து மோதியது. என் அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

அப்போது வலப்பக்கத்து அறையில் இருக்கும் பஞ்சாபிச் சமையல்காரர் பல்ஜீத், கரண்டியால் தன் சுவரை அடிக்க ஆரம்பித்தார். அடுத்து கோடி அறை நேபாளத் தம்பதி. கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக விட்டிருக்கும் டக்ட் வழியாக மேல்மாடியில் ஒரு பாத்திரம், கீழ்மாடியில் ஒரு பாத்திரம். கொஞ்ச நேரத்தில் பத்து மாடியும் சேர்ந்து அடிப்பதுபோல் இருந்தது. ஹோ நடைக்கு வந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக் கத்தினான். ஒருவரும் திறக்கவில்லை, ஒருவரும் நிறுத்தவில்லை. கடைசியில் படியிறங்கிப் போய்விட்டான். சத்தம் அடங்கியது. எல்லோரும் சமையலைத் தொடர்ந்தார்கள். சியூ லிங்கின் கதவடியில் யாரோ ஒரு கிண்ணத்தில் ஐஸ் வைத்திருந்தார்கள்.

நானும் எஃகு அளவுகோலால் சுவரை அடித்தேன். ஹோ போன பிறகும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பல்ஜீத் வந்து கதவைத் தட்டி, போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

செப்டம்பர் 10

அவள் தலை பட்ட இடத்தில் பிளைவுட் என் பக்கமாக உப்பியிருக்கிறது.

செப்டம்பர் 22

துணி துவைத்தேன். காயப்போட இடமில்லாமல் பொதுச் சமையலறையிலிருந்து டக்ட் பக்கம் கம்பி நீட்டிக் கட்டினேன். மேல்மாடியிலிருந்து சொட்டிய தண்ணீரில் எல்லாம் மறுபடி நனைந்தது.

இன்று வகுப்பில் முதல் கட்ட வரைபடங்களைக் காட்டினோம். இந்த மாதிரி அறைகளை மேம்படுத்துவதுதான் எல்லோருக்கும் பணி. எல்லோருமே சத்தம் போகாத சுவரை முன்வைத்தார்கள். இரட்டைப் பலகை, நடுவில் பஞ்சு, ரப்பர் ஓரம் வைத்த கதவு. நான் மட்டும் சுவரை அப்படியே விட்டுவிட்டு சன்னலையும் சமையலறையையும் மாற்றியிருந்தேன். பேராசிரியை, ஏழைகளுக்கு அந்தரங்கம் வேண்டாமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செலவு குறையும் என்றேன்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். மணிக்கட்டில் மாவுக்கட்டு. அப்பாதான் காரில் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டுக் கொண்டுவந்தாராம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறாராம்.

அக்டோபர் 4

கொதிக்கிற வெந்நீர். ஹோ கெட்டிலைத் தூக்கி எறிந்திருக்கிறான். பாத்திரச் சத்தம் கிளம்பியதும் ஓடிவிட்டான். சியூ லிங் நேராக என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். என்னைவிட உயரமானவள், அகன்ற தோள். அவள் திருப்பி அடித்தால் ஹோ தாங்கமாட்டான் என்றுதான் தோன்றியது. முன்கை முழுக்கச் சிவந்து தோல் சுருங்கியிருந்தது. குழாயடிக்குக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் தண்ணீரில் காட்டினேன். ஒரு முறைகூட முனகவில்லை.

பிறகு என் ரசம் சோற்றைச் சாப்பிட்டாள். புளிப்புக்கு முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் என் வீட்டைப் பற்றிக் கேட்டாள். அப்பா தீப்பெட்டி ஆலை வைத்திருக்கிறார், அம்மா வீட்டில்தான், அம்மா நலம், அடிக்கடி கீழே விழுவாள் என்றேன்.

சியூ லிங் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் தட்டைக் கழுவ எழுந்துகொண்டேன்.

அக்டோபர் 19

வளர்ந்த வீட்டை வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டை அளவு பிசகாமல் வரைந்தேன். நல்ல வீடு. சுற்றிலும் தென்னையும் சப்போட்டாவும். கோடையிலும் தரை சில்லென்றிருக்கும். கூட நின்ற ஷாங்காய் மாணவன், இப்படி ஒரு வீட்டை விட்டுவிட்டு யாராவது இங்கே வருவார்களா என்றான்.

பேராசிரியை சுற்றுச்சுவரின் உயரத்தைப் பார்த்துவிட்டு, அங்கே திருட்டு பயமா என்று கேட்டார். பாம்பு வரும் என்றேன். பாம்புக்கு யாரும் பன்னிரண்டு அடிச் சுவர் கட்டமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

முன்னால் நாங்கள் ஊருக்குள் தெருவில் இருந்தோம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒருநாள் பக்கத்து வீட்டு ராஜம்மாள் அத்தை எங்கள் கதவைத் தட்டி, என்ன சத்தம் என்று கேட்டார். மறுநாளும் தட்டினார். அப்பா சிரித்துக்கொண்டே பேசி அனுப்பினார். அடுத்த வருடம் தோப்பில் வீட்டைக் கட்டினார். குடிபோன அன்று மொட்டைமாடியில் நின்று, "இனிமே நம்ம சோலிய நம்ம பாக்கலாம், ஒருத்தன் தொந்தரவு இல்ல" என்று சொன்னார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வீட்டில் யார் எவ்வளவு கத்தினாலும் ரோட்டுக்குக் கேட்காது.

நவம்பர் 2

கட்டடத்தை விற்றுவிட்டார்களாம். இடித்துவிட்டு ஐம்பது மாடி கட்டப்போகிறார்கள். நேபாளத் தம்பதி போய்விட்டார்கள். பல்ஜீத் நேற்றுப் போனார், போகும்போது தன் கரண்டியை எனக்குக் கொடுத்தார். மேல்மாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. வேலையாட்கள் தடுப்புகளைப் பிரித்து நடையில் அடுக்கிவிட்டு, ஆணி பிடுங்கும் கம்பிகளையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஹோ தம்பதியும் நானும் மட்டும் மாதக் கடைசிவரை இருக்கலாம் என்று காக்கா சொல்லியிருக்கிறார். இப்படி ஆளில்லாத இடத்தில் சியூ லிங்கை அவனோடு விடக்கூடாது, அவளுக்கு வேறிடம் பாருங்கள் என்று சண்டை போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், புருஷன் பொண்டாட்டிக்குள் போய் நான் என்ன பேச, எனக்கே இந்த வீடு கையைவிட்டுப் போகிறது என்றார்.

டக்டில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கிறது.

நவம்பர் 8

இன்று நான் ஒருத்திதான் பல்ஜீத்தின் கரண்டியால் அடித்தேன். தனியாக ஒருத்தி அடித்தால் அது வெறும் கரண்டிச் சத்தம். ஹோ என் கதவுக்கு வந்து ஓர் உதைவிட்டான். தாழ்ப்பாள் வளைந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

போலீஸைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். உதட்டில் ரத்தத்தோடு நின்ற சியூ லிங்கைத் தனியாக அழைத்து நெடுநேரம் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அவர்கள் உதவி எண் அச்சிட்ட ஓர் அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஹோ என்னைப் பார்த்துச் சிரித்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோன்ற சிரிப்பு. எனக்குப் பழக்கமான சிரிப்பு.

நவம்பர் 11

இப்போதெல்லாம் அவள் வாயில் துணி. அடி விழுவது மட்டும் கேட்கிறது, ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல.

நவம்பர் 17

நேற்று ஹோவை அடித்துவிட்டேன். அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். தடுக்க ஒரே ஓர் அடி. அவனும் அவளும் ஆஸ்பத்திரியில். நான் இரவு முழுவதும் போலீஸ் நிலையத்தில் இருந்தேன். ஜெய்லானி காக்கா வக்கீலைக் கூட்டிவந்து ஜாமீனில் எடுத்தார். தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். பாஸ்போர்ட் போலீஸிடம்.

வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கையால் எழுதுகிறேன்.

நவம்பர் 19

மறுபடி விசாரணை. தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை அவர்களே வைத்திருந்தார்கள். அதிகாரி மருத்துவ அறிக்கையைப் படித்தார், அவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். தோள்பட்டை எலும்பு. தாடை. இடது கையில் மூன்று விரல். விலா எலும்பு. ஒரு கண்ணில் பார்வை திரும்புமா என்று இன்னும் தெரியவில்லை. ஓர் அடியில் இத்தனை எலும்பு உடையாது என்று அதிகாரி சொன்னார். அமைதியாகத்தான் சொன்னார்.

எனவே நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாதிரிக் கட்டடம் செய்ய அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமான அடிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்று, சுவரில் குதிகால் உரசும் சத்தம். உரசல் வேகமாகி, மெல்ல மெல்லக் குறைந்தது. நடைக்கு ஓடினேன். அவன் கதவு உள்தாழ். வேலையாட்கள் போட்டிருந்த கம்பியை எடுத்துக்கொண்டு என் அறைக்குத் திரும்பி, பிளைவுட்டில் உப்பியிருந்த இடத்தில் ஓங்கி அடித்தேன். பலகை பிளந்தது. காலால் உதைத்து உள்ளே போனேன்.

அவன் அவள் மேல் மண்டியிட்டிருந்தான். அவள் முகம் கருநீலம். அவன் தோளில் அடித்தேன். அவன் கை விட்டது. அவள் உருண்டு தரையில் விழுந்து மூச்சை இழுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் கையை முகத்துக்கு நேரே தூக்கினான். அந்தக் கையில் அடித்தேன். கட்டிலின் மூலைக்கு ஒதுங்கினான். முகத்தில் அடித்தேன். ஏதோ சொன்னான். அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. கெஞ்சுகிற குரல் எந்த மொழியில் இருந்தாலும் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

பயமாகவே இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை என்று நினைத்தது நினைவிருக்கிறது.

நிறுத்தியது நான் இல்லை. சியூ லிங்குக்குக் குரல் வரவில்லை. தவழ்ந்து வந்து என் கெண்டைக்காலைக் கடித்தாள். பல் நன்றாக இறங்கியிருக்கிறது. மூன்று தையல்.

நவம்பர் 23

ஆஸ்பத்திரியில் சியூ லிங்கைப் பார்க்க, காக்கா கூட வந்தார். போகலாமா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் போனோம். கழுத்தில் விரல் விரலாகக் கறுப்பு. பேச்சு காற்றாக வருகிறது. இந்த முறை போலீஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம், வெந்நீரிலிருந்து தொடங்கி. நான் வராவிட்டால் செத்திருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். அவள் சொல்வதைக் காக்காதான் எனக்குத் தமிழில் சொன்னார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். காக்கா தயங்கிவிட்டுச் சொன்னார்.

"அடிக்கயில நீ ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொன்னியாமே. அப்பா, அப்பான்னு. அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குது."

களைப்பு வந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்று சொல்லச் சொன்னேன். காக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் ஏதோ சொன்னார். நான் சொன்னதைத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

நவம்பர் 30

அரிசி வாங்கினேன். கால் தையல் பிரித்தார்கள். ஹோவுக்கு ஒரு கண் போய்விட்டது.

டிசம்பர் 6

ஊரில் நான் படிக்கும் கல்லூரியிலிருந்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். காலையில் அப்பா கூப்பிட்டார்.

"வெளிநாட்டுக்குப் படிக்கப் போயி ஆம்பளய அடிச்சிருக்க. இனி ஒன்ன எவன் கட்டுவான்? நாலு பேரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்க?"

எனக்குக் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கம்பியால அடிச்சேன்ப்பா. தோள்பட்ட, தாட, விரலு, விலா. ஒரு கண்ணும் போயிருச்சு. பாஸ்போர்ட்டு கைக்கு வந்ததும் வீட்டுக்கு வாரேன்."

அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் பேசி முடித்த பின்னால் அவர் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா போனோடு தோப்புக்குள் நடந்துபோவது கேட்டது. காய்ந்த மட்டை மிதிபடும் சத்தம். கிணற்றடிவரை போயிருப்பாள்.

"நீ வந்தா அவர அடிப்பியா, தாயி?"

தெரியவில்லை என்றேன்.

"எங்கிட்ட மறைக்காம சொல்லு."

"அடிப்பேன்னுதான் நெனைக்கேன்மா."

அழுகிறாளோ என்று கூர்ந்து கேட்டேன். அழவில்லை.

"அப்ப நீ இந்த வீட்டுக்கு வரவேண்டாம். நான் வெளிய வந்திருதேன்."

"எங்கம்மா போவ?"

"திண்டுக்கல்லுல தங்கச்சி இருக்காள்ல. எத்தன தடவ கூப்பிட்டா. எனக்குன்னா நான் இப்பிடியே கெடந்துருவேன். நீ செயிலுக்குப் போறத என்னால பாக்க முடியாது."

போனை வைத்த பிறகு, காக்கா வீட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 9

அம்மா போய்விட்டாள். அப்பா ஆலைக்குப் போன நேரத்தில், கட்டிய சேலையோடும் ஒரு பையோடும் ரோடுவரை நடந்து பஸ் ஏறியிருக்கிறாள். சித்திதான் போன் செய்தாள். வந்ததிலிருந்து அம்மா தூங்கிக்கொண்டே இருக்கிறாளாம். உடம்பு முழுக்கத் தழும்பு என்றாள். எனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

ஜனவரி 21

என்மேல் வழக்குப் போடப்போவதில்லை என்று வக்கீல் சொன்னார். அவள் வாக்குமூலமும் கழுத்துக் காயமும் காப்பாற்றிவிட்டன. ஹோவின்மேல் வழக்கு நடக்கிறது. இறுதி வரைபடத்தை நான் காட்டவேயில்லை, பருவத் தேர்வில் தோல்வி. பேராசிரியை என்னைத் தனியாக அழைத்து, மெல்லிய சுவரைப் பற்றி நான் சொல்ல வந்ததை எப்போதாவது எழுதி அனுப்பச் சொன்னார்.

சியூ லிங் எல்லை தாண்டிச் சீனப் பக்கத்தில் இருக்கும் அவள் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். கட்டடத்தைச் சுற்றி மூங்கில் சாரமும் பச்சை வலையும் கட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது.

ஜனவரி 25

மதுரையில் இறங்கினேன். அம்மா தனியாக வந்திருந்தாள். சித்தியும் வருகிறேன் என்றாளாம், இவள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. பூ வைத்திருந்தாள். வெளியே நின்று இரண்டு பேரும் காபி குடித்தோம். அப்பா திண்டுக்கல்லுக்கு ஒரு தடவை வந்தாராம். சித்தியின் தெருவே வாசலில் கூடி நின்றதும் காரை விட்டு இறங்காமலே போய்விட்டாராம். அதைச் சொல்லும்போது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் பிடித்தோம். அம்மா சன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் அவள் பையை வாங்கி மேலே வைப்பதற்காகக் கையைத் தூக்கினேன்.

அம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சன்னலோடு ஒடுங்கிவிட்டாள்.

உடனே கையை எடுத்துவிட்டு, சேலையைச் சரிசெய்வதுபோல இழுத்துக்கொண்டாள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்றாள். அந்தப் பக்கம் வெயில் இல்லை.

பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். திண்டுக்கல் வரும்வரை இரண்டு கையும் அதன் மேலேயே இருந்தன.